குழாயடிக் கேள்விகள்

சென்னையில் தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை என்று 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதி ஜார்ஜ் டவுனில். போன இதழில் அந்தத் தெருக்களுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதப்போக, பை நிறையக் கடிதம். பாதி திட்டு. மீதிக்குப் பதில் சொல்கிறேன். திட்டிலும் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், அதில் விஷயம் இருந்ததால்.

எங்கள் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ரோடும் போட்டாயிற்று. ஆனாலும் காலையில் தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு குடம் மஞ்சளாக, சாக்கடை வாடையோடு வருகிறது. அப்புறம் தெளிகிறது. புதுக் குழாய் எதற்குத்தான் போட்டார்கள்?
— வாசகி, ஏழுகிணறு

அம்மா, புதுக் குழாய் வந்தது சரி. பழைய குழாய் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அங்கேயே கிடக்கிறது. பல தெருக்களில் அதில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரு நடுவில் குழாயைப் புதைத்து, வால்வு பொருத்தி, அழுத்தச் சோதனை செய்து பில் போடுவது பெரிய வேலை இல்லை. வீடு வீடாகப் போய்ப் பழைய குழாயிலிருந்து இணைப்பை அறுத்துப் புதியதில் கோக்க வேண்டும் பாருங்கள், அதுதான் உயிரை எடுக்கும். குடியிருப்பவர் "ஓனரைக் கேளுங்க" என்பார். ஓனர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருப்பார். கீழே கடை வைத்திருப்பவர் படிக்கட்டில் கை வைக்க விடமாட்டார். நூறு வீட்டில் எண்பதை மாற்றுவதற்குள் ஒப்பந்தக் காலம் முடிந்துவிடும். மிச்சம் இருபது வீட்டுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாதே என்று பழைய குழாயை உயிரோடு விட்டுவைப்போம். "வைப்போம்" என்றுதான் எழுதுகிறேன். நானும் வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடுக்கில் சணலைத் திணித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். மாட்டு வண்டி போன தெருவில் இன்றைக்கு லோடு லாரி நிற்கிறது. மண் அசையும், ஈயம் விடும், மூட்டு கசியும். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வருகிற ஊரில் அப்படி ஓர் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே போகும், நஷ்டம் தண்ணீர்தான். நாம் சில மணி நேரம் விட்டு நிறுத்துகிறோம். நிறுத்தியதும் குழாய் காலியாகிறது. அப்போது அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். வெளியில் இருப்பது என்ன? உங்கள் தெருவின் அகலத்தில் சாக்கடைக் குழாய் ஒரு முழம் தள்ளியிருந்தாலே பெரிது.

இதோடு அடிபம்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தானாக ஏறாததால் வீட்டுக்கு வீடு குழாயில் பம்பு வைத்து அடிக்கிறோம், வசதி உள்ளவர் மோட்டார் போட்டு இழுக்கிறார். உறிஞ்சுகிற வேகத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. நீங்கள் சொல்லும் முதல் இரண்டு குடம், ராத்திரி முழுக்கக் குழாய் குடித்ததைக் கக்குவது.

செய்ய வேண்டியது இது. நாளைக் காலை தண்ணீர் விட்ட முதல் நிமிஷத்தில் உங்கள் வீட்டிலும், பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். எல்லாமே கலங்கல் என்றால் கோளாறு தெருக் குழாயில். உங்களுடையது மட்டும் கலங்கல் என்றால் தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இரும்புக் குழாய் அரித்துப்போயிருக்கிறது. அநேகமாக அது சாக்கடையைத் தாண்டித்தான் வருகிறது. குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916-க்குப் போன் செய்யும்போது "தண்ணீர் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இந்த டம்ளர் கணக்கைச் சொல்லுங்கள். வருகிறவரிடம் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். துளிகூட இல்லை என்றால் வழியில் ஏதோ அதைத் தின்றிருக்கிறது. கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் வீட்டு இணைப்பு பழைய குழாயிலா, புதுக் குழாயிலா?" பதில் உடனே வராது. வராவிட்டால் அதுவே பதில். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள்.

இந்தக் குழாய்கள் உண்மையிலேயே வெள்ளைக்காரர் காலத்தவையா? "அவன் போட்டது நூறு வருஷம் நிற்குது, நாம போடறது பத்து வருஷம் நிக்கலை" என்கிறார் என் தாத்தா.
— கல்லூரி மாணவர், ராயபுரம்

நூறு வருஷம் நின்றவைதான் தம்பி தாத்தாவின் கண்ணில் படுகின்றன. நடுவில் உடைந்து போனவற்றை நாங்கள் எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்.

கதை நீளமானது, சுருக்குகிறேன். 1772-இல் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். கோட்டைக்கு, ஊருக்கு அல்ல. ஊருக்கென்று வந்தது 1872-இல்: தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றை மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளில் தேக்கி, திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுவந்து, வடிகட்டாமலே விட்டார்கள். மீன்குஞ்சு வந்தது என்றால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். 1914-இல்தான் மணல் வடிகட்டிகளோடும் பம்புகளோடும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. அதைச் செய்த பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லி. தி.நகரில் மேட்லி ரோடு, மேட்லி சப்வே என்று மழைக்காலத்தில் டிவியில் தண்ணீருக்குள் தெரியுமே, அந்த மேட்லி. தண்ணீர் கொண்டுவந்தவர் பேரில் தண்ணீர் தேங்கும் இடம். நம் ஊர் நன்றி சொல்கிற விதம் அப்படி.

இனி தாத்தாவுக்கு. நகரத்தின் பாதாளச் சாக்கடையை 1910 வாக்கில் வடிவமைத்தபோது ஐம்பது வருஷம் தள்ளி யோசித்தார்கள். 1961-இல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 114 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு. 1911-இல் ஊரில் இருந்ததே 5 லட்சத்துச் சொச்சம்தான், ஆகவே கணக்கில் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 1961-இல் எண்ணிப் பார்த்தபோது 17 லட்சத்துக்கும் மேல். குழாய் உடையும் முன்பே கணக்கு உடைந்துவிட்டது. தண்ணீருக்கு அவர்கள் போட்ட இரும்புக் குழாய் கெட்டி, சந்தேகமே இல்லை. ஆனால் நான் அறுத்துப் பார்த்த ஆறு அங்குலக் குழாய்களில் துருக் கட்டி கட்டியாக வளர்ந்து, உள்ளே என் மூன்று விரல் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. நிற்பது வேறு, வேலை செய்வது வேறு என்று தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுகிற உங்களைப் போன்றவர்களால்தான் ஜார்ஜ் டவுன் இப்படி நாறுகிறது. கொத்தவால் சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியதுபோல் மொத்த வியாபாரத்தையும் வெளியே அனுப்பிவிட்டு, இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதுதானே?
— வாசகர், மயிலாப்பூர்

மயிலாப்பூரிலிருந்து பார்த்தால் ஜார்ஜ் டவுனை இடிப்பது சுலபம்தான்.

கொத்தவால் சாவடிக் காய்கறி 1996-இல் கோயம்பேடு போனது. அழுகிய முட்டைக்கோசு போனதில் எனக்கு நிம்மதி. அதற்கு முன் அங்கே ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைக்குள் இலை தழை எடுத்தே மாளவில்லை. ஆனால் இடம் காலியாகக் கிடந்ததா? வேறு சரக்கு வந்து உட்கார்ந்தது. முற்றத்தோடு ஒரு குடும்பம் இருந்த வீடு நாலு மாடி ஏறி, கீழே கிடங்கு, மேலே அறைக்கு எட்டுப் பேர். தெருவுக்குக் கீழே உள்ள குழாய்க்கு வியாபாரம் எதுவென்று தெரியாது, தலைக்கணக்குதான் தெரியும். ஒட்டுப்போட்டது உண்மை. பட்ஜெட்டில் ஒட்டுக்குத்தான் பணம் வந்தது.

எங்கள் தாத்தா கட்டிய வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். ரோடு போடப் போட வீடு பள்ளமாகிறது. மழை பெய்தால் குளியலறையில் சாக்கடைத் தண்ணீர் பொங்குகிறது. தெருவில் பொங்காமல் வீட்டுக்குள் ஏன்?
— வாசகர், சௌகார்பேட்டை

தண்ணீர் மட்டம் பார்த்துப் போகும், முகவரி பார்த்து அல்ல. சாக்கடை அடைத்துக்கொண்டால் உள்ளே மட்டம் ஏறிக்கொண்டே வரும். தெருவில் மூடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் குளியலறை ஓட்டை அதைவிடத் தாழ்வில். தண்ணீர் மூடியைத் தொடும் முன் உங்களைத் தொட்டுவிடுகிறது. தெருவுக்கே நீங்கள்தான் போக்கிடம். வீட்டுச் சாக்கடை தெருவில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். போகவிடும், திரும்பி வரவிடாது. வருஷம் இரண்டு தரம் திறந்து துடைக்க வேண்டும், மயிரும் துணியும் சிக்கினால் மூடாது.

ரோடு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புதியது போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தினார். சுரண்டும் வண்டி வராமல் தார் வண்டி வந்தால், வண்டியை நிறுத்தி அதைச் சொல்லிக் கேளுங்கள். வேலை நடக்கும்போது கேட்டால்தான் உண்டு, முடிந்தபின் மனு எழுதிப் பயனில்லை.

ரோட்டை ஏற்றியதில் எங்களுக்கு வேறு சோதனை. தாருக்கு அடியில் மூடிகள் புதைந்துவிடும். வரைபடத்தில் வால்வு இருக்கும், தெருவில் இருக்காது. எங்களிடம் ஒரு வால்வுக்காரர் இருந்தார், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நின்று, "இங்க வெட்டுங்க சார், சத்தம் வயித்துல இருந்து வருது" என்பார். இரண்டு அடுக்குத் தாருக்குக் கீழே மூடி இருக்கும். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, டிபன் கொடுத்து அனுப்பினோம். அவர் தலைக்குள் இருந்ததை எழுதி வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து. அடுத்த வாரமே ஒரு வால்வுக்காக நாலு இடம் வெட்டினோம்.

எங்கள் கட்டடத்துச் சாக்கடை அடைப்பை எடுக்க, "ஆள் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் முடியும்" என்று ஒருவர் சொல்கிறார். பணமும் குறைவு. சரிதானே?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், பாரிமுனை

இல்லை. இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவரும் குற்றவாளி. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. அழுகிய முட்டை வாடை வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் விழுவான். அதே வாயு குழாயின் மேற்கூரையில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கான்கிரீட்டையும் தின்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் ராடிங் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள்.

வெளிநாட்டில் தெருவைத் தோண்டாமலே குழாயைப் புதுப்பிக்கிறார்களாமே? நம் சந்துகளுக்கு அதுதானே ஏற்றது?
— ஜவுளி வியாபாரி, கோடவுன் தெரு

சாக்கடைக்கு ஏற்றது. ரெசினில் ஊறிய கனத்த துணிக்குழலைக் காலுறையைப் புரட்டுவதுபோலப் பழைய குழாய்க்குள் புரட்டி அனுப்பி, வெந்நீரோ நீராவியோ விட்டு இறுகவைப்பார்கள். 1971-இல் லண்டனில் ஆரம்பித்தது. உள்விட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் வழவழப்பாக இருப்பதால் ஓட்டம் குறையாது. வீட்டு இணைப்புகள் சேரும் துளைகளைக் கேமரா வைத்த வெட்டுக்கருவியை உள்ளே அனுப்பித் திறப்பார்கள். முன்னதாகக் குழாயைக் கழுவிக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அமுங்கிச் சப்பையாகிவிட்ட குழாய்க்குள் துணி போகாது, அங்கே கடப்பாரைதான். பழைய குழாய் எங்கே போனது என்ற என் கேள்விக்கு இந்த முறையில் மட்டும் நல்ல பதில் இருக்கிறது: புதுக் குழாய்க்கு உறையாகிவிட்டது.

குடிதண்ணீர்க் குழாய்க்கு இது நம் சந்துகளில் லாபமில்லை. பத்தடிக்கு ஓர் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் எப்படியும் குழி வெட்டத்தான் வேண்டும். உங்கள் கடை வாசல் ஒரு வாரம் தோண்டிக் கிடக்கும். தீபாவளிக்கு முன்னால் வேண்டாம் என்று கேளுங்கள், அது நியாயம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?
— வாசகி, பெரம்பூர்

கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவிலும் புதுக் குழாய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பழைய குழாயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இருபது வீட்டில் என் வீடும் ஒன்று. இணைப்பை மாற்ற வாசலை உடைக்க வேண்டும். வாசலில் அப்போதுதான் டைல்ஸ் போட்டிருந்தோம், அதுவும் என் மனைவி நாலு கடை ஏறித் தேர்ந்தெடுத்தது. இப்போதைய பொறியாளர் என்னிடம் வேலை கற்ற பையன். இரண்டு முறை வந்தான், காபி குடித்தான், "சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மரியாதையாகப் போய்விட்டான். தை பிறந்ததும் உடைக்கலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். எந்த வருஷத்துத் தை என்று நான் கேட்கவில்லை.