அக்காவின் மெழுகுக் கட்டி எங்கே?

கேள்வி: அக்காவுக்கு வயது 49. சினைப்பைப் புற்றுநோய், ‘கிளியர் செல்’ வகை. ஆப்பரேஷனும் ஆறு கீமோவும் முடிந்து எட்டே மாதத்தில் திரும்பிவிட்டது. இம்யூனோதெரபி ஆராய்ச்சியில் சேர்க்கலாமா? ஈப்போவுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வகையின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். சினைப்பைப் புற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புசக்தியைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் சிகிச்சை, ஏமாற்றம்தான். 376 பெண்களுக்குப் பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுத்த கீநோட்-100 ஆய்வில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. கிளியர் செல்லில் நிலைமை கொஞ்சம் மேல். பிரிட்டனின் பீகாக் ஆய்வில் அதே மருந்துக்கு 48 பேரில் கால்வாசிப் பேருக்குச் சுருங்கியது; சீனாவில் அதே வகை மருந்தான சின்டிலிமாபோடு, கட்டிக்கு ரத்தக்குழாய்கள் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாபும் சேர்த்தபோது 37 பேரில் 15 பேருக்கு. இரண்டும் சின்ன ஆய்வுகள், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. ‘குணமாகும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்கேன் சீடியை யாரும் மறப்பதில்லை. மறப்பது மெழுகுக் கட்டியை. ஆப்பரேஷனில் எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டில் மெழுகில் பதித்து, ஆப்பரேஷன் நடந்த ஆஸ்பத்திரி லேபிலேயே வைத்திருப்பார்கள். டாக்டரின் கடிதத்தோடு, பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் (சதையைச் சோதித்த அறிக்கை) சேர்த்துக் கேளுங்கள். கையில் கொடுத்தால் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிடாதீர்கள். அந்த மெழுகு 56 டிகிரி வாக்கில் இளகிவிடும்.

அதிலிருந்து எம்எம்ஆர் சோதனை செய்யச் சொல்லுங்கள்; டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. நான்கு புரதங்களில் ஒன்றாவது காணாமல் போயிருந்தால் இந்த மருந்து வேலை செய்யும் வாய்ப்பு கூடும். அப்படி வந்தால் லின்ச் எனும் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று அக்காவின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். இருந்தால் உடன்பிறந்த நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதில் குடல், கருப்பைப் புற்றுநோய்களும் வரும்.

ஆய்வில் சேரும் முன், மருந்துச் செலவு யாருடையது, மாதம் எத்தனை தடவை ஈப்போ வரவேண்டும், பஸ் காசு உண்டா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் விலகிக்கொள்ளலாம்.

மருந்து ஆரம்பித்த பின் வயிற்றுப்போக்கு வந்தால் கடை மாத்திரை போட்டுச் சமாளிக்கக் கூடாது. தூண்டிவிட்ட எதிர்ப்புசக்தி குடலையே தாக்கியிருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படும். மூச்சுத்திணறல், மஞ்சள் கண், அசாதாரணச் சோர்வுக்கும் இதே எச்சரிக்கை. ஊர்க் கிளினிக்கில் ‘கீமோ’ என்று சொல்லிவிட்டால் டாக்டரின் யோசனை வேறு பக்கம் போய்விடும். மருந்தின் பெயரை எழுதி, அக்காவின் ஐசி கார்டோடு (அடையாள அட்டை) வைத்துவிடுங்கள். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இந்தப் பக்கவிளைவுகள் வரலாம், சீட்டை எறிந்துவிடாதீர்கள்.