குமரியின் ரைட் பேக்

கேள்வி: என் மகன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ்ல சேந்தவன், ஃபுட்பால். முட்டுல ஜவ்வு கிழிஞ்சு ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஊர்ல எல்லாரும் அவன மெஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க, இப்ப அந்தப் பேர கேட்டாலே கதவ சாத்திக்கிடுறான். சரியா சாப்பிடுறதும் இல்ல. கவுன்சிலிங் கூட்டிட்டு போகணுமா, கால் சரியானா மனசும் சரியாயிருமா? (பெயர் வேண்டாம், தூத்தூர் பக்கம்)

பதில்: அண்ணாச்சி, நம்ம கடற்கரையில மொத்தம் எத்தன மெஸ்ஸின்னு யாராவது கணக்கெடுத்தா தேவல. கொல்லங்கோட்டுல இருந்து குளச்சல் வரைக்கும் பைக்ல வாங்க, வளைவுக்கு வளைவு ஃபிளெக்ஸ், ஒவ்வொண்ணுலயும் ஒரு பய கைய கட்டிக்கிட்டு மொறச்சு நிக்கான், அடியில 'குமரியின் மெஸ்ஸி'. அடுத்த ஊர்ல சின்ன மெஸ்ஸி, அவன் தம்பி குட்டி மெஸ்ஸி, ஒரு கோல்கீப்பருக்கும் இதே பேருதான். வலது ஓரத்துல நின்னு தடுத்து ஆடுறவன் ஒருத்தனாவது 'குமரியின் ரைட் பேக்'னு போட்டிருக்கானா? நான் பிரேசில் கட்சி, அந்த வயித்தெரிச்சல்ல பேசுறேன்னு 2022 டிசம்பர்லருந்து எனக்கு லெட்டர் போடுற அர்ஜென்டினா கோஷ்டிக்கு ஒண்ணு சொல்லுதேன், ஆமா, வயித்தெரிச்சல்தான், அந்த உலகக் கோப்பையில குரோஷியாகிட்ட பெனால்டியில தோத்தது இன்னும் ஆறல.

ஆனா அசல் மெஸ்ஸியே 2016 ஜூன்ல கோப்பா அமெரிக்கா ஃபைனல்ல சிலிக்கு எதிரா பெனால்டிய மேல தூக்கி அடிச்சிட்டு, இனி நாட்டு டீமுக்கு ஆட மாட்டேன்னு சொன்னவருதான். ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பி வந்தாரு, அது வேற. அவருக்கே தாங்காத பேர உங்க பய முட்டுல கட்டுப் போட்டுக்கிட்டு எப்படி சுமப்பான்?

1993ல ப்ரூவர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட்டும் கூட்டாளிகளும் ஒருத்தன் தன்ன எந்த அளவுக்கு விளையாட்டுக்காரனாவே நெனைக்கான்னு பாக்க பத்து வாக்கியம் எழுதி ஒரு அளவுகோல் போட்டாங்க. நான் விளையாட்டுக்காரன், என் ஃபிரண்ட்ஸ்ல முக்காவாசி பேர் விளையாட்டுக்காரங்க, அடிபட்டு ஆட முடியாம போனா ஒடஞ்சிருவேன், இந்த மாதிரி, எவ்வளவு ஒத்துக்கிடுறியோ அவ்வளவு மார்க். மார்க் கூடுனா மைதானத்துல நல்லதுதான், பய ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணுவான், ஆனா அடிபட்டு உக்காந்தா அந்த மார்க்கே ஆள அமுக்கிரும். கோட்டாவுல சேந்தவனுக்கு சீட்டு, ரூம்மேட், கிளாசுக்கு போட்டுட்டுப் போற டிராக் பேண்ட், வாத்தியார் கேக்குற ஒரே கேள்வி எல்லாமே பந்துதான அண்ணாச்சி. கிழிஞ்சது ஜவ்வு மட்டுமில்ல.

ஏசிஎல்னா மைதானத்துக்கு திரும்ப ஒம்பது மாசமாவது ஆகும், அதுவரைக்கும் கதவுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டா இருப்பீங்க? கூட்டிட்டு போங்க. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல டாக்டர் இருக்காங்க. வரமாட்டேன்னு அடம் புடிச்சா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். செத்துரலாம்னு ஒரு வார்த்த வாயில வந்துட்டா அன்னைக்கே கெளம்பிரணும். வீட்டுல ஞானஸ்நானப் பேர சொல்லி கூப்பிடுங்க, முட்டு எப்படி இருக்குன்னு தெனமும் கேக்காதீங்க.

அப்புறம் இந்த டூர்னமென்ட் கமிட்டிக்காரங்க. வெடிக்கட்டுக்கு காசு இருக்கு, ஆளு உயரத்துக்கு கப்பு வாங்க காசு இருக்கு, மைக்குல ஒருத்தன் தொண்ட கிழிய கத்த காசு இருக்கு, கிரவுண்டு ஓரத்துல ஒரு பிசியோவையோ ஒரு வாளி ஐஸையோ நான் இன்னும் பாக்கல. கோவம் வந்து லெட்டர் போடுவீங்க, போடுங்க, இந்தத் தடவையாவது பேரும் பின்கோடும் எழுதுங்க.