சாட்சி சொல்ல வாய் வரவில்லை

கேள்வி: லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் தையல் வேலை பார்த்து வீட்டை ஓட்டுகிறேன். 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்', 'முறுமுறுக்காதீர்கள்' என்று சபையில் சொல்கிறார்கள். கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டால் எனக்கு வாய் வருவதில்லை. உதட்டில் ஸ்தோத்திரம், உள்ளே எரிச்சல். என் விசுவாசம் செத்துப்போனதா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

சாகவில்லை. செத்திருந்தால் இப்படி ஒரு கடிதம் எழுதத் தோன்றியிருக்காது.

உங்களுக்குச் சொல்லப்படும் இரண்டு வசனங்களுமே பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கின்றன. அப்போஸ்தலன் பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம்' தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார் பவுல். ஏற்கெனவே ஒரு துக்கம் இருக்கிறது என்று மறைக்காமல் எழுதியவர்தான், இரண்டு அதிகாரம் தள்ளிச் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். உங்கள் கண்ணீரைப் பாவம் என்று சொல்ல அந்த நிருபத்தில் இடமே இல்லை.

அந்த எப்பாப்பிரோதீத்து யார்? பவுலின் குறைச்சலைத் தீர்க்கப் பிலிப்பி சபையார் உதவி கொடுத்து அனுப்பிய ஆள். என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்று கடைசி அதிகாரத்தில் பவுல் மனம் நிறைந்து எழுதுகிறார். கையில் பணமும் கூட ஒரு ஆளும் அனுப்பிய சபைக்கு வந்த கட்டளைதான் 'சந்தோஷமாயிருங்கள்' என்பது. உங்களுக்கு வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதனால் நீங்களே கேளுங்கள். போதகரிடம் போய், "ஐயா, வாரத்தில் ஒரு நாள் அவர்கூட இருக்க யாரையாவது அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். அது முறுமுறுப்பு ஆகாது.

சரி, சந்தோஷத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வேதத்தில் வரும் ஆபகூக் தீர்க்கதரிசியைப் பாருங்கள். பாபிலோன் படை வரப்போகிறது. குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறார். அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று போகப்போவதை ஒன்றுவிடாமல் எண்ணி வைக்கிறார். அதற்கப்புறம்தான் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிறார். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதத்தின் 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம்தான். 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்கிறது. உங்கள் எரிச்சலையும் அங்கேயே கொட்டிவிடுங்கள். அப்புறம் அன்றைக்கு நடந்த ஒரே ஒரு நல்லதைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவர் சாயாமல் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், ஜாக்கெட் தைத்த பாக்கி வந்தது, இந்த அளவு போதும். அவரையும் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலும் அவசரப்படாமல் காத்திருங்கள். ஒன்றுமே தோன்றாத நாளில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுங்கள். அது இருளோடுதான் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சாட்சி சொல்ல இப்போது அவசரம் இல்லை. கூப்பிட்டால், "எனக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்காருங்கள்.

இன்னொன்று. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடக்கிறது. வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். உங்களுக்கும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்காகப் போனால், போன கையோடு டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.