பூட்டிய மண்டபம் குடிக்கும் கரண்ட்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். கீழே பொது மண்டபம், மேலே வாசிகசாலையும் ஏசி போட்ட சின்ன ஒஃபிஸும். மாதம் பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிதான் நடக்கிறது, ஆனால் கரண்ட் பில் வரும்போதெல்லாம் கூட்டத்தில் சண்டை. தலைவர் சோலர் போடுவோம் என்கிறார், பொருளாளர் ஏசியைக் கழற்று என்கிறார். எதில் தொடங்குவது?

பதில்: இரண்டு பேரையும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் ரூபாயைப் பார்த்துச் சண்டை பிடிப்பதை விடுங்கள். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66, பிறகு 2024இல் இரண்டு தடவை இறங்கியது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து ஜூனில் 15 கூடியது. இந்தக் கூத்துக்குள் உங்கள் மண்டபம் கூடச் செலவழித்ததா, குறையச் செலவழித்ததா என்று ரூபாயை வைத்து யார் சொல்ல முடியும்? பழைய பில்களை எடுத்து அலகுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளுக்கு உரியதோ அத்தனையால் வகுத்துக்கொள்ளுங்கள். மீற்றர் பார்க்க வருபவர் கணக்காக முப்பதாம் நாளில்தான் வருவார் என்றில்லை.

அப்புறம் காவலாளியிடம் ஒரு வேலை கொடுங்கள். நிகழ்ச்சி இல்லாத நாளில் இரவு 8 மணிக்கு ஒருமுறை, காலை 8 மணிக்கு ஒருமுறை மீற்றர் எண்ணை எழுதட்டும். இடையில் 3 அலகு ஓடியிருந்தால், ஒருவருமே இல்லாத கட்டடம் சராசரியாக 250 வாட் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். பகலிலும் அதே இழுவை இருந்தால் மாதம் 180 அலகு, சும்மா. தலைவர் சொல்லும் சோலரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் அந்த ஆளில்லாத கட்டடத்துக்கே தீனி போடத்தான் போகும்.

யார் இழுக்கிறார்கள் என்று பிடிப்பதும் லேசு. புதிய மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும், பக்கத்தில் ஓர் அலகுக்கு எத்தனை தடவை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 1600 என்று இருந்தால், 9 வினாடிக்கு ஒருமுறை மின்னுவது அந்த 250 வாட். ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வாருங்கள், எதை நிறுத்தும்போது மின்னல் மந்தமாகிறதோ அதுதான் ஆள். எங்கள் ஃபிளாட்டில் நான் இப்படி ஓர் இரவு எண்ணிக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். கடைசியில் அகப்பட்டது தண்ணீர் மோட்டர்: கீழ்மாடிக் கழிப்பறையில் ஃப்ளஷ் தாங்கி சத்தமில்லாமல் ஒழுக, மேல் தாங்கி குறையக் குறைய அது இரவெல்லாம் விட்டு விட்டு ஓடியிருக்கிறது. மாற்றியது ஒரு ரப்பர் வாசர்! உங்கள் இடத்தில் வாட்டர் கூலரையும், குளிர்பானக் கம்பனி இலவசமாகத் தந்த கண்ணாடிக் கதவு பிரிட்ஜையும் முதலில் சந்தேகியுங்கள். உள்ளே நாலு தண்ணீர்ப் போத்தலுக்காக அது 24 மணி நேரமும் ஓடும்.

எல்ஈடி மாற்றுவதிலும் கணக்கு இருக்கிறது. பழைய 36 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 45 வாட் அளவில் எடுக்கும், எல்ஈடி 20 போதும். மண்டபத்தில் 20 டியூப்பை மாற்றினாலும், மாதம் 60 மணி நேரம்தான் எரிகிறது என்றால் மிச்சம் 30 அலகு. படிக்கட்டிலும் வாசலிலும் இரவு முழுக்க, 12 மணி நேரம் எரியும் நாலே நாலை மாற்றினால் 36 அலகு. ஆனால் எல்லோரும் மண்டபத்தில்தான் தொடங்குவார்கள், அதுதானே கண்ணுக்குத் தெரியும்.

ஏசியைக் கழற்ற வேண்டாம். 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள்.

இன்னொன்று, மண்டப வாடகையோடு கரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்குகிறீர்களா? அப்படியென்றால் எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் ஒரு லைட்டைக்கூட நிறுத்த மாட்டார். சாவி கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் அவர் முன்னாலேயே மீற்றரைப் பார்த்து எழுதி, அலகுக்குத் தனியாகக் காசு வாங்குங்கள். பேச்சு வாங்குவீர்கள், பரவாயில்லை.

சோலர் எத்தனை கிலோவாட் என்பதை இதெல்லாம் முடிந்த பிறகு வரும் பில்லை வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: ஃபேனை மெதுவாகச் சுற்ற விட்டால் கரண்ட் மிச்சமா, இல்லை அது வெறும் கதையா? — கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: ரெகுலேட்டரைப் பொறுத்தது. சுவரில் பெரிய பெட்டியாக இருந்து தொட்டால் சுடுகிற பழைய வகை என்றால், ஃபேனில் குறைந்ததில் ஒரு பங்கு அந்தச் சூட்டில் போய்விடும், பெரிய மிச்சமில்லை. சின்னக் குமிழாக இருக்கும் எலெக்ட்ரோனிக் வகை என்றால் மிச்சம்தான். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70, 80 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டர் வைத்த புது வகை, 35க்குள் முடித்துவிடும். பழையது பழுதாகும்போது அதை வாங்குங்கள், நன்றாகச் சுற்றுவதை இதற்காகக் கழற்ற வேண்டாம்.