தொடங்கியவர் விலகும்போது சங்கத்தை எப்படிக் கைமாற்றுவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷன் சங்கம் தொடங்கி, இன்றுவரை தலைவராக இருக்கும் ஐயா விலக நினைக்கிறார். சங்கம் படுத்துவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விலகலை அறிவித்துவிட்டு அப்புறம் ஆள் தேடாதீர்கள். ஓராண்டு முன்பே துணைத் தலைவர் கையில் வேலையைக் கொடுங்கள்.

முதல் சிக்கல் வங்கியில்தான் வரும். கையெழுத்து மாற்றத் தீர்மானத்தில் புதியவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்; ஏ/எல் (‘இன்னாரின் மகன்’ என்பதன் மலாய்ச் சுருக்கம்) விடுபட்டால்கூடத் திரும்பி வரலாம். புதுக் கையெழுத்து நடப்புக்கு வரும்வரை பழையதை நீக்க வேண்டாம், ஆசிரியர் அலவன்ஸ் நின்றுவிடும். 1966 சங்கச் சட்டப்படி, கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும்.

காகிதத்தில் இல்லாதவைதான் அதிகம். எந்தப் பிள்ளைக்கு வேன் காசு பாதி, ஜனவரியில் நோட்டுப் புத்தகம் தரும் கடைக்காரர் யார், மண்டபச் சாவி யாரிடம்: எல்லாம் ஐயாவின் மனதில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும்.

ஆலோசகர் பதவி கொடுக்கலாம். ஆனால் முதல் ஆறு மாதம் செயற்குழுவில் உட்கார வேண்டாம். பெற்றோர் பழக்கத்தில் அவருக்கே போன் போடுவார்கள்; “தலைவரைக் கேளுங்கம்மா” என்று அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புதியவர் பெயருக்குத்தான் தலைவர்.

அவருக்கும் ஒரு வேலை வேண்டும். இதே ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்திய காங்கிரஸ்) கட்சித் தலைவர், விலகிய பின் தேசிய ஒற்றுமை வாரியத்துக்குத் தலைமை தாங்கினார். உங்கள் ஐயாவிடம் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பை ஒப்படையுங்கள்.