பூண்டு ரோல் சந்தேகங்கள்: முதலில் தராசை எடுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பூண்டு ரோலைப் பற்றியவை. கீழே உள்ள பதில்களுக்கெல்லாம் கணக்கு இதுதான்: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 320, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, சர்க்கரை 25, உப்பு 9, மாவில் சேர்க்க வெண்ணெய் 40. அறுபது கிராம் உருண்டையாகப் பிடித்தால் 15 ரோல் வரும். மேலே பூச வெண்ணெய் 80, பூண்டு ஆறு பல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி.

ஈஸ்ட்டைப் பாலில் போட்டுப் பத்து நிமிடமாகியும் நுரைக்கவில்லை. அப்படியே பிசையலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். செத்த ஈஸ்ட்டை நம்பி அரை கிலோ மைதாவை வீணாக்காதீர்கள். பால் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது. அறுபதை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்று சுடக் கூடாது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் இல்லை, ஆக்டிவ் டிரை ஈஸ்ட் இருக்கிறது. அதே அளவா?

கால் பங்கு கூட்டி 9 கிராம். பாலில் ஊறவைத்த பிறகே மாவில் சேருங்கள். ஃப்ரெஷ் ஈஸ்ட் என்றால் 20 கிராம்.

மூன்று கப் மைதா, ஒரு கப் பால் எடுத்தேன். கையில் ஒட்டிக்கொண்டே இருந்ததால் மாவு தூவித் தூவிப் பிசைந்தேன். ரோல் கல் மாதிரி வந்தது. ரெசிபி தவறா?

ரெசிபி மேல் பழியைப் போடாதீர்கள். எந்தக் கப் அது? எப்படி அள்ளினீர்கள்? மைதாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு வழித்தால் ஒரு கப் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150. மூன்று கப்புக்கு 90 கிராம் வித்தியாசம். முதல் கணக்கில் நூறு கிராம் மாவுக்கு 67 கிராம் பால் சேர்கிறது, இரண்டாவதில் 53தான். அதற்கு மேல் கைகையாகத் தூவினால் ஐம்பதுக்கும் கீழே போகும். அந்த மாவை ஈஸ்ட்டால் தூக்க முடியாது.

எத்தனை முறை எழுதினாலும் கப் கணக்கிலேயே கடிதம் வருகிறது. தராசில் நிறுத்தால்தான் எங்கே பிசகியது என்று சொல்ல முடியும். ஈஸ்ட், உப்பு இரண்டுக்கும் ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசு கட்டாயம்.

இன்னொன்று, முதல் ஐந்து நிமிடம் மாவு ஒட்டத்தான் செய்யும். அது குற்றமல்ல. வெண்ணெய் தவிர மற்றதையெல்லாம் கலந்து, மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாதி ஒட்டல் தானாகப் போகும். பிறகு எட்டு நிமிடம் பிசைந்து, வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேருங்கள். வெண்ணெய் விழுந்ததும் மாவு கெட்டுப்போனது போல வழவழவென்று பிரியும். பயப்படாமல் பிசையுங்கள், ஐந்தாறு நிமிடத்தில் மீண்டும் சேரும். சிறு துண்டைக் கிள்ளி இரு கை விரல்களாலும் விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமானால் போதும், காது மடல் போல மெத்தென்றும் இருக்கும். அதற்கு முன் தாங்க முடியாமல் ஒட்டினால் கையில் எண்ணெய் தடவுங்கள். மாவு டப்பா பக்கம் கை போகக் கூடாது.

நறுக்கிய பச்சைப் பூண்டை மாவிலேயே சேர்த்துப் பிசைந்தேன். பாதிதான் உப்பியது.

நறுக்கிய பூண்டில் உண்டாகும் அல்லிசின் ஈஸ்ட்டை அடக்கும். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் குளூட்டனையும் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) தளர்த்தும். மாவுக்குள் பூண்டு வேண்டுமென்றால் சிறு தீயில் வெண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, ஆறவைத்துச் சேருங்கள். முழுப் பூண்டைச் சுட்டு மசித்துச் சேர்த்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும்.

மேலே பூசிய பூண்டு கருகிக் கசக்கிறது.

பின்னே, 190 டிகிரியில் இருபது நிமிடம் நறுக்கிய பூண்டு தாங்குமா? ஓவனுக்குள் போகும்முன் பால் மட்டும் பூசுங்கள். வெளியே எடுத்த சூட்டோடு பூண்டு வெண்ணெய்.

அரைத்த பூண்டு பச்சையும் நீலமுமாக மாறிவிட்டது. விஷமா?

இல்லை. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால் வரும் நிறம். தாராளமாகச் சாப்பிடலாம்.

பூண்டைப் போட்ட எண்ணெயை மொத்தமாகச் செய்து அலமாரியில் இரண்டு வாரம் வைக்கலாமா?

கூடவே கூடாது. காற்றுப் படாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில் பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். மணமோ நிறமோ மாறாது, முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃப்ரிட்ஜில் நான்கு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். பூண்டு வெண்ணெய்க்கும் இதே விதி. இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

ரெசிபியில் ஒரு மணி நேரம் என்றிருந்தது, அவ்வளவு நேரம் வைத்தேன். மாவு பொங்கி அமுங்கிவிட்டது.

மாவுக்குக் கடிகாரம் தெரியாது. அறை 24 டிகிரியில் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம், 32 இருந்தால் 40 நிமிடத்திலேயே இரட்டித்துவிடும். நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, தொடக்க மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். உருட்டி ட்ரேயில் அடுக்கிய பிறகு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக எழும்பிக் கொஞ்சம் பள்ளம் நின்றால் ஓவனுக்குப் போகலாம். எழும்பவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது, காற்றை அமுக்கி மறுபடி உருட்டுங்கள்.

மேலே சிவந்துவிட்டது, உள்ளே பச்சை மாவு.

எத்தனை டிகிரி, எந்தத் தட்டு, எந்த ராட் என்று எதுவும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாக: மேல், கீழ் இரண்டு ராடும் எரிய 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில், 190 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். சீக்கிரம் சிவந்தால் அலுமினிய ஃபாயிலை மேலே போர்த்துங்கள். குச்சி வெப்பமானி நடு ரோலில் 90க்கு மேல் காட்டினால் வெந்துவிட்டது.

மைக்ரோவேவில் வெறும் மைக்ரோ மோடில் செய்யலாமா?

சிவக்காது, ரப்பர் மாதிரி வரும். சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்ஷன் மோட் வேண்டும்.

முழுக் கோதுமை மாவில்?

பாதிக்குப் பாதி போடுங்கள், பால் 30 மில்லி கூட்டுங்கள். முழுவதும் கோதுமை என்றால் தவிடு குளூட்டனை அறுக்கும், ரோல் அடர்த்தியாகத்தான் வரும்.

இரவே பிசைந்து வைத்துக் காலையில் சுட முடியுமா?

முடியும். ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறையுங்கள். பிசைந்து அரை மணி வெளியே வைத்து, மூடி ஃப்ரிட்ஜில் 12 மணி நேரம். காலையில் குளிர்ந்த மாவையே உருட்டலாம், அது இன்னும் எளிது. ஆனால் உருட்டிய பின் உப்ப ஒரு மணிக்கும் மேல் பிடிக்கும். அதை அவசரப்படுத்தினால் பக்கவாட்டில் வெடிக்கும்.

மறுநாளே வறண்டுவிடுகிறது. ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன்.

அதனால்தான். ஃப்ரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். ஃப்ரீசரில் அப்படி இல்லை. அன்றைக்குத் தேவையில்லாததை வெண்ணெய் பூசாமல் நன்றாக ஆறவைத்து, பையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது நேரே 160 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் சூடாக்கி, அப்போது பூண்டு வெண்ணெய் பூசிக்கொள்ளலாம்.