பழைய பிக்கப்புக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: என்னிடம் 1978 மாடல் செவர்லே சி-10 பிக்கப் இருக்கிறது. 305 கன அங்குல வி-8 இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் (டர்போ 350), பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.08. இன்ஜின் ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை விடுகிறது. அதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைக் கட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டி. எப்போதாவது சாமான் ஏற்றுவேன். பந்தயம் எதுவும் கிடையாது. நண்பர்கள் எல்லாரும் 400 குதிரைத்திறனுக்குக் குறைந்து கட்டாதே என்கிறார்கள். 350 கன அங்குலத்தில் கட்டுவதா, 383-ஆ, 454-ஆ?

பதில்: அந்த நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 400 குதிரை எந்த ஆர்.பி.எம்.மில்? கார்புரேட்டர் வைத்த 350-இல் அந்த எண் 5,500-ஐத் தாண்டித்தான் கைக்கு வரும். உங்கள் வண்டி 28 அங்குல டயரில், 3.08 ஆக்சிலில், மணிக்கு 60 மைல் போகும்போது இன்ஜின் சுற்றுவது சுமார் 2,200. சிக்னலில் இருந்து சிக்னலுக்குப் போகும்போது அதையும் விடக் குறைவு. பணம் ஒரு இடத்தில் போடுகிறீர்கள், வண்டி இன்னொரு இடத்தில் வாழ்கிறது. அந்த 400-க்காகப் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் ஐடிலிங்கில் வண்டி உதறும், வேக்குவம் குறையும், பிரேக் பூஸ்டருக்கு வலு போதாமல் பெடல் கல்லாக இருக்கும். அப்புறம் இன்ஜின் வலுவை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரையும் மாற்றச் சொல்வார்கள்.

நான் கட்டுவதாக இருந்தால் 1996 முதல் 2000 வரையிலான செவர்லே பிக்கப்புகளில் வந்த 350-ஐத் தேடுவேன். வோர்டெக் 5700 என்பார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே 255 குதிரை, 2,800 ஆர்.பி.எம்.மிலேயே 330 பவுண்டு-அடி டார்க், அதாவது திருப்பு விசை. கேமின் மேல் உருளும் ரோலர் டேப்பெட் உள்ளது. இதை லேசாக நினைக்காதீர்கள். டேப்பெட் உருளாமல் உரசும் பழைய ஃபிளாட் டேப்பெட் கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலிங்கில் விடாமல் 2,000-க்கு மேல் இருபது நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும். அதன்பிறகும் ஜிங்க் அதிகமுள்ள ஆயில் தேடி ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கேமின் லோப் (மேடு) தேய்ந்து போகும். ரோலரில் அந்தத் தலைவலி இல்லை.

சிலிண்டர் ஹெட்டும் நல்ல ஹெட். அதன் வால்வு ஸ்பிரிங்குக்கும் ரிட்டெய்னருக்கும் இடம் கொஞ்சம்தான், ஆகவே வால்வை 0.450 அங்குலத்தை ஒட்டித் தூக்கும், 0.050 அங்குல உயர்வில் அளந்தால் சுமார் 210 டிகிரி திறந்து வைக்கும் கேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டூயல் பிளேன் இன்டேக் மேனிஃபோல்டு, நாலு பேரல் கார்புரேட்டர், நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் போட்டால் 300 சொச்சம் குதிரை வரும். ஐடிலிங் அமைதியாக இருக்கும். சாதாரண பெட்ரோலே போதும்.

பொருந்துமா என்று கேட்பீர்கள். இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் இரண்டும் அப்படியே உட்காரும். மூன்று இடத்தில் கவனம் வேண்டும். 1986 முதல் கிராங்கின் பின் முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் மெயின் சீல் ஒரே துண்டு. அதனால் கிராங்க் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 ஆகச் சுருங்கிவிட்டது, கிராங்கைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் உங்கள் பழைய ஃபிளெக்ஸ்பிளேட் தகடு அதில் ஏறாது. புதியதை, பேலன்ஸ் எடை வைத்ததை, வாங்குங்கள். இன்டேக் மேனிஃபோல்டும் வோர்டெக்குக்கென்று துளையிட்டதாக இருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு ஹெட்டிலும் மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட் ஆறு அல்ல, நாலு. கடைசியாக, பல பிளாக்குகளில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மாட்டும் துளையே போட்டிருக்க மாட்டார்கள். எலெக்ட்ரிக் பம்ப் வைக்க வேண்டிவரும்.

வாங்கும்முன் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் மேல் ஓரத்தில் விரல் நகத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் நிற்கும் இடத்தில் நகம் தட்டி நின்றால் தேய்மானம் உண்டு, ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) நிச்சயம். அது பரவாயில்லை, 30 தௌ (0.030 அங்குலம்) எடுப்பது சாதாரண வேலை. பயப்பட வேண்டியது விரிசலுக்கு. டேப்பெட் பள்ளத்திலும் பிளாக்கின் வெளிப்பக்கத்திலும், தண்ணீர் உறைந்து வெடித்த கோடு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இந்த ஹெட்டுகள் சூடேறினால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விடும். லேத் பட்டறையில் சோதனை செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டருக்குக் கடைசி ஹோனிங் (நுணுக்கமாகத் தேய்ப்பது). ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்குரிய சிலிண்டரைத் தேய்ப்பவர்தான் வேலை தெரிந்தவர்.

383? அதே 350 பிளாக்கில் 30 தௌ எடுத்து, 3.48 அங்குல ஸ்ட்ரோக்குக்குப் பதில் 3.75 கிராங்க் போடுவது. கீழே இழுக்கும் வலு அருமை. எப்படியும் கிராங்க் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் தாராளமாகப் போங்கள். கனெக்டிங் ராடு போல்ட் உரசாமல் பிளாக்கின் அடியில் கொஞ்சம் அரைக்க வேண்டும், கேமோடும் இடைவெளி பார்க்க வேண்டும். வாங்கிய 350-இன் கிராங்க் நல்லபடி இருந்தால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அது பின்னாலே, ஆக்சிலில். 3.08-ஐ 3.73 ஆக்கி, நாலு கியர் 700ஆர்4 போடுங்கள். இப்போது உங்கள் முதல் கியர் 2.52, ஆக்சிலோடு பெருக்கினால் 7.76. மாற்றினால் முதல் கியர் 3.06, பெருக்கினால் 11.4. இன்ஜினில் ஒரு குதிரை கூட்டாமலே, கிளம்பும்போது சக்கரத்துக்குப் போகும் இழுவை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! நாலாவது கியர் 0.70 என்பதால் 60 மைலில் இன்ஜின் 1,900-ஐக்கூடத் தொடாது. கிராஸ் மெம்பரை நகர்த்த வேண்டியிருக்கும், அது சின்ன வேலை. கார்புரேட்டரின் திராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. கேபிளைச் சரியாகச் செட் செய்யாமல் மட்டும் ஓட்டாதீர்கள், கியர்பாக்ஸ் கருகிவிடும்.

454-ஐ விட்டுவிடுங்கள். முன்பக்கம் பாரம், ரேடியேட்டர் வேறு, பெட்ரோல் வேறு. தினமும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு அது.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தால் ஒரு வார்த்தை. 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் அங்கே புகைச் சோதனை விலக்கு, உங்கள் 1978 மாடல் மாட்டிக்கொள்ளும். புது இன்ஜின் போட்டால் அது வந்த வண்டியின் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் எல்லாம் கூடவே வர வேண்டும். அங்கே வோர்டெக்கில் கார்புரேட்டர் செல்லாது.

கேள்வி: (அதே வாசகர்) 5.3 லிட்டர் எல்.எஸ். இன்ஜின் (ஜி.எம்.மின் பிந்தைய தலைமுறை வி-8) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால்?

பதில்: நல்ல இன்ஜின். ஆனால் இன்ஜின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வயரிங்கும் கம்ப்யூட்டரும், 58 பி.எஸ்.ஐ. தரும் பெட்ரோல் பம்ப்பும் லைனும், மவுண்ட் அடாப்டர், பழைய கியர்பாக்ஸ் என்றால் ஃபிளெக்ஸ்பிளேட் ஸ்பேசர், ஹெடர், ஆயில் பேன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஓடும் வண்டியாகவே, கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டரோடு மொத்தமாகக் கிடைத்தால் நானே அதைத்தான் எடுப்பேன். இன்ஜின் மட்டும் தனியே தருகிறார்கள் என்றால் வோர்டெக் பக்கமே வாருங்கள்.